மருத்துவமனையை நடத்தத் தெரிந்த இம்ரான் கானுக்கு நாட்டை நடத்துவதில் எங்கே பிசகியது?

கேள்வி: புதுப்பந்து

நான் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கிய காலத்தில் இம்ரான் கான் முழுநேர அரசியல்வாதி ஆகிவிட்டிருந்தார். அவர் பந்து வீசி நான் பார்த்ததே இல்லை. 2014இல் இஸ்லாமாபாதில் கண்டெய்னர் மேல் ஏறி நின்று மாதக்கணக்கில் பேசியவர், 2018இல் பிரதமர் ஆனவர், 2023 ஆகஸ்டிலிருந்து சிறையில் இருப்பவர் என்றுதான் எனக்கு அவரைத் தெரியும். வீட்டுப் பெரியவர்கள் அவர் தலைமையில் பாகிஸ்தான் வென்ற 1992 உலகக் கோப்பையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது வேறு யாரோ ஒருவரின் கதை போலிருக்கிறது.

என் சந்தேகம் இதுதான். அம்மா புற்றுநோயில் இறந்தார் என்பதற்காக லாகூரில் ஒரு பெரிய மருத்துவமனையைக் கட்டினார். முப்பது ஆண்டுகள் கடந்தும் அது பெயர் கெடாமல் நடக்கிறது. அதே மனிதர் நாட்டை ஆளப் போய் நான்காண்டுகூட முடிக்கவில்லை. அணியை நடத்தினார், மருத்துவமனையை நடத்தினார், நாட்டை மட்டும் ஏன் நடத்த முடியவில்லை? "ராணுவம் கைவிட்டுவிட்டது" என்ற ஒரே வரியோடு முடித்துவிடாதீர்கள். அந்தப் பதில் எங்கும் கிடைக்கிறது. அவர் வேலை செய்யும் முறையிலேயே ஏதாவது இருந்ததா என்று அறிய ஆசை.

பதில்: சேப்பாக்கம் கேலரி

தம்பி, "வேறு யாரோ ஒருவரின் கதை" என்கிறீர்கள். எங்கள் தலைமுறைக்கு இந்த அரசியல்வாதிதான் வேறு யாரோ.

1987இல் சென்னை டெஸ்டில் அவர் ஆட்டமிழக்காமல் 135 அடித்ததை வெயிலில் உட்கார்ந்து பார்த்தவன் நான். பாகிஸ்தான் 487க்கு 9 என்று டிக்ளேர் செய்தது. பதிலுக்கு நம் ஸ்ரீகாந்த் 123 அடித்தார். ஆட்டம் டிராவில் முடிந்தது, அதில் யாருக்கும் வருத்தமில்லை. அந்தத் தொடரின் கடைசி டெஸ்டில், பெங்களூரில், கவாஸ்கர் 96 அடித்தும் 16 ரன்னில் தோற்றோமே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஸ்ரீகாந்த் என்றதும் இன்னொன்று. 1989 டிசம்பரில் லாகூரில் ஒருநாள் ஆட்டம். வக்கார் யூனிஸ் பந்தில் ஸ்ரீகாந்துக்கு எல்பிடபிள்யூ கொடுத்துவிட்டார்கள். பந்து மட்டையில் பட்டது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். இம்ரான் அவரைத் திரும்பக் கூப்பிட்டு ஆடச் சொன்னார். அடுத்த பந்திலேயே ஸ்ரீகாந்த் விக்கெட் கீப்பரிடம் கேட்ச் கொடுத்து அவுட்! பெருந்தன்மை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். "நீ எத்தனை தடவை வந்தாலும் உன்னை எடுப்பேன்" என்கிற திமிர் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும். உள்ளூர் நடுவர்களை வைத்து ஜெயித்தார் என்ற பேச்சே வரக்கூடாது என்று 1986இல் மேற்கிந்தியத் தீவுகள் தொடருக்கு இந்தியாவிலிருந்து வி.கே. ராமசாமியையும் பிலூ ரிப்போர்ட்டரையும் வரவழைத்த ஆள் அவர்.

நீங்கள் கேட்ட "வேலை செய்யும் முறை"க்கு வருகிறேன். 1982இல் கேப்டன் ஆனார். இங்கிலாந்துப் பயணத்தின் முதல் டெஸ்டிலேயே, தாய்வழியில் அண்ணன் முறையான மஜீத் கானை அணியில் சேர்க்கவில்லை. கிரிக்கெட்டில் இவருக்கு முன்னோடியே மஜீத்தான். உறவு முறிந்தது முறிந்ததுதான். அடுத்த ஆண்டு ஹைதராபாத் சிந்துவில் மியாந்தாத் 280 ரன்னோடு களத்தில் நிற்கிறார், இன்னும் 20 அடித்தால் முச்சதம். இவர் டிக்ளேர் செய்துவிட்டார். இம்ரான் தலைமையில் தேர்வுக்குழு என்பது பெயரளவுக்குத்தான். யார் ஆட வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார், பெரும்பாலும் சரியாகவே செய்தார். தொலைக்காட்சியில் பந்துவீச்சைப் பார்த்தே வக்காரைக் கண்டுகொண்டார் என்பார்கள். 1992இல் இன்சமாம் என்ற பையனைக் கடைசிவரை விடாமல் ஆட வைத்தார். அரையிறுதியில் அவன் 37 பந்தில் 60 அடித்தபோது உலகமே வாயைப் பிளந்தது.

இப்படி ஒருவருக்கு மந்திரிசபை அமைக்கும் வேலை கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை அரசியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பேரேடு

சேப்பாக்கம் ஐயாவுடன் கிரிக்கெட்டில் போட்டி போட என்னால் ஆகாது. ஆனால் ஒரு தர்ம மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் பல காலம் குப்பை கொட்டியவன் என்பதால், இலவச சிகிச்சை என்று யாராவது சொன்னால் "யார் பணம்?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சவுகத் கானம் நினைவு மருத்துவமனை 1994 டிசம்பர் 29ஆம் தேதி திறக்கப்பட்டது. தாயார் இறந்தது 1985இல். இடையிலிருந்த ஆண்டுகளில் அவர் பட்ட பாடு, எங்களைப் போலப் பணம் திரட்டும் வேலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். புற்றுநோய் மருத்துவமனை மற்ற மருத்துவமனைகள் மாதிரி அல்ல. கட்டடம் கட்டுவதோடு செலவு முடிவதில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. கதிர்வீச்சுக் கருவி, மாதக்கணக்கில் மருந்து, படித்துவிட்டு அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் டாக்டரைத் திரும்ப வரச் சொல்வதற்கான சம்பளம் எல்லாம் அதன் பிறகு வரும் செலவுகள். அதில் இலவசம் என்று வேறு அறிவித்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடத் தயங்குவார்.

அவர் என்ன செய்தார்? மெல்போர்னில் கோப்பையை வாங்கிய மேடையிலேயே மருத்துவமனையைப் பற்றிப் பேசினார், சக ஆட்டக்காரர்களுக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டார் என்று வசையும் வாங்கினார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளை வசூலில் இறக்கினார். நிலம் அரசு கொடுத்தது. அப்போது பஞ்சாப் அரசியலில் கோலோச்சியவர் பின்னாளில் இவருக்குப் பரம எதிரியான நவாஸ் ஷெரீப் என்பது தனி வேடிக்கை. இன்றைக்கும் அந்த மருத்துவமனை மூன்று கால்களில் நிற்கிறது: ஜகாத் என்ற இஸ்லாமியக் கட்டாய தர்மம், நன்கொடை, அப்புறம் சொந்த வருமானம். ஊர் ஊராக ரத்தப் பரிசோதனை மாதிரி சேகரிக்கும் மையங்கள் வைத்திருக்கிறார்கள், மருந்தகம் இருக்கிறது, பணம் கட்டும் நோயாளிகள் இருக்கிறார்கள். நோயாளிகளில் முக்கால்வாசிப் பேருக்கு உதவித்தொகையில் சிகிச்சை என்று மருத்துவமனை சொல்கிறது. 2015 டிசம்பரில் பெஷாவரில் இரண்டாவதையும் திறந்தார்கள். இந்தக் காலத்தில் ஒரு தர்ம ஸ்தாபனம் நிறுவியவரின் அரசியலையும் தாங்கிக்கொண்டு இவ்வளவு நாள் நிற்பது பெரிய காரியம்.

இனிமேல்தான் உங்கள் கேள்விக்கான விஷயம் வருகிறது. அந்த மருத்துவமனையின் வாசலில் ஒரு கிளினிக் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வரலாம். டாக்டர் அறிக்கைகளைப் பார்ப்பார், உடம்பைப் பார்ப்பார். நோய் ஆரம்ப நிலையில் இருந்து, குணமாக நல்ல வாய்ப்பு இருந்தால் பதிவு செய்துகொள்வார்கள். அப்படிப் பதிவாகிவிட்டால் கையில் காசு இல்லை என்பதற்காகச் சிகிச்சை நிற்காது. ஆனால் நோய் உடம்பெங்கும் பரவிவிட்டது என்றால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த மனிதர் தன் மருத்துவ அறிக்கைகளை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையைத் தேடிப் போக வேண்டியதுதான். இதை ஒளித்துச் செய்வதில்லை, கொள்கையாகவே சொல்கிறார்கள். இதைக் கொடுமை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். படுக்கைகள் இத்தனைதான், பணம் இவ்வளவுதான். அதைக் குணமாகக்கூடியவருக்குச் செலவிட்டால் பிழைப்பவர் எண்ணிக்கை கூடும். நான் இருந்த இடத்திலும் இதே கத்தி தலைக்கு மேல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எங்களுக்கு மறுக்க மனம் வரவில்லை, அதனால் எல்லோருக்கும் அரைகுறையாகச் செய்தோம்.

ஆக, கிரிக்கெட்டில் பதினோரு பேரை அவரே பொறுக்கினார். மருத்துவமனையும் தனக்கான நோயாளிகளைப் பொறுக்கிக்கொண்டது. இரண்டு இடத்திலும் "இவர் வேண்டாம்" என்று சொல்லும் உரிமை இருந்தது. வெற்றியில் பாதி அந்த உரிமைதான். பிரதமர் நாற்காலியில் அது கிடையாது. இருபது கோடிக்கும் மேற்பட்ட ஜனங்களில் யாரையும் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்ப முடியாது, முற்றிப்போன நோய்களே முதலில் வந்து நிற்கும். மின்வாரியக் கடன், நஷ்டத்தில் ஓடும் விமான நிறுவனம், கட்ட வேண்டிய வட்டி என்று எல்லாமே நான்காம் கட்டம்!

அவர் பழைய மருந்தையே கொடுத்துப் பார்த்தார். 2018 செப்டம்பரில் தொலைக்காட்சியில் தோன்றி, சிந்து நதியில் டயாமர் பாஷா அணை கட்டுவதற்காகத் தலைமை நீதிபதி தொடங்கியிருந்த நிதிக்கு வெளிநாடுவாழ் பாகிஸ்தானியர் ஆளுக்கு ஆயிரம் டாலராவது அனுப்புங்கள் என்று கேட்டார். மருத்துவமனைக்கு வேலை செய்த அதே உத்தி. ஜனங்கள் அனுப்பவும் செய்தார்கள். ஆனால் அணை பல ஆயிரம் கோடி சமாச்சாரம், சேர்ந்ததோ கொசுறு. அதே மாதம் பிரதமர் இல்லத்துக் கார்களை ஏலம் விட்டார்கள். எட்டு எருமைகளையும் ஏலம் விட்டார்கள். முந்தைய ஆட்சியில் வளர்த்தவை. எருமைகள் 23 லட்சம் ரூபாய்க்குப் போயின. நவாஸ் ஷெரீபின் அபிமானி ஒருவரே தலைவர் ஞாபகமாக இருக்கட்டும் என்று கூடுதல் விலை கொடுத்து ஒன்றை ஓட்டிக்கொண்டு போனார். ஒரு தர்ம ஸ்தாபனத்தில் இப்படிச் சிக்கனம் காட்டினால் நன்கொடையாளர்களுக்கு நம்பிக்கை வரும், அது உண்மையிலேயே பயன் தரும். அரசாங்கத்தின் பற்றாக்குறைக்கு எருமை விற்ற காசு என்ன செய்யும்? 2019 ஜூலையில் சர்வதேச நிதியமான ஐ.எம்.எஃப்.பிடம் 600 கோடி டாலர் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. அந்த வாசலுக்குப் போகவே கூடாது என்று எதிர்க்கட்சியில் இருந்தபோது முழங்கியவர் அவர்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அவர் ஆட்சியில் உருப்படியாக நடந்தவை, மருத்துவமனை முறையைக் கைவிட்ட இடங்களில் நடந்தன. கைபர் பக்துன்குவாவில் குடும்பத்துக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்வரை மருத்துவக் காப்பீடு தரும் சேஹத் அட்டையை 2020இல் மாகாணம் முழுக்க விரித்தார்கள். நன்கொடை இல்லை, பட்ஜெட் பணம். யாரையும் பொறுக்கவில்லை, மாகாணத்துக் குடும்பம் என்றால் போதும். கொரோனா ஊரடங்கில் சுமார் 1 கோடியே 20 லட்சம் குடும்பங்களுக்குத் தலா 12,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்த வேகத்துக்குக் காரணம், 2008இல் பாகிஸ்தான் மக்கள் கட்சி தொடங்கிய பெனசீர் வருமான உதவித் திட்டம் ஏற்கெனவே போட்டுவைத்திருந்த அடித்தளம். எதிரி கட்டிய வீட்டில் குடியேறிச் சமைத்த சாப்பாடு அது. நன்றாகவே சமைத்தார்.

பதில்: எதிர்வரிசை

பேரேடு அவர்கள் எழுதியதைப் படித்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் பொறுக்கும் உரிமை இல்லாமல் போனதால்தான் தோற்றார் என்பது அவருக்குக் கொஞ்சம் சலுகை காட்டும் வாதம். உரிமை இருந்த இடங்களில் எப்படிப் பொறுக்கினார் என்றும் பாருங்கள்.

பாகிஸ்தானின் பாதிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்வது பஞ்சாப் மாகாணத்தில். அதற்கு முதலமைச்சராக உஸ்மான் புஸ்தார் என்ற, அதிகம் பேர் கேள்விப்பட்டிராத ஒருவரை நியமித்தார். கட்சிக்காரர்களே முகம் சுளித்தபோது, அவர் "வசீம் அக்ரம் பிளஸ்" ஆக வருவார் என்றார். சேப்பாக்கம் ஐயா இதைப் படித்துத் தலையில் அடித்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். இம்ரான் வளர்த்தெடுத்த வேகப்பந்து வீச்சாளர் வசீமின் ஒரு ஓவரைப் பார்த்தால் அவருடைய யோக்கியதை தெரிந்துவிடும். முதலமைச்சரின் யோக்கியதை தெரிய இரண்டு பட்ஜெட்டும் ஒரு வெள்ளமும் வேண்டும். நிதித் துறையை நான்கு பேர் மாறி மாறிப் பார்த்தார்கள். நன்றாக ஆடாதவனை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைப்பது கிரிக்கெட்டில் சரி. நிதியமைச்சரை அப்படி மாற்றினால் கடன் கொடுப்பவன் பயந்துவிடுவான்.

அடுத்தது ராணுவம். அந்த ஒரு வரியோடு முடிக்காதீர்கள் என்றால் சரி, ஆனால் அந்த வரியை அடித்துவிடவும் முடியாது. 1996 ஏப்ரலில் மருத்துவமனையில் குண்டு வெடித்துச் சிலர் இறந்தார்கள். அடுத்த பத்துப் பதினைந்து நாளுக்குள் தெஹ்ரீக்-இ-இன்சாஃப் கட்சியை அறிவித்தார். 1997 தேர்தலில் ஓர் இடம்கூட இல்லை. 2002இல் மியான்வாலியில் அவர் ஒருவர் மட்டும் ஜெயித்தார். கோப்பையும் மருத்துவமனையும் இருந்தும் ஓட்டு விழவில்லை என்பதைக் கவனியுங்கள். 2011 அக்டோபரில் லாகூர் மினார்-இ-பாகிஸ்தான் கூட்டத்துக்குப் பிறகுதான் காற்று திரும்பியது. அதன்பின் மற்றக் கட்சிகளிலிருந்து, எந்தக் கொடியைப் பிடித்தாலும் சொந்தத் தொகுதியில் ஜெயிக்கக்கூடிய பெரும்புள்ளிகள் வந்து சேர்ந்தார்கள். அவர்களை அவர் பொறுக்கவில்லை. அவர்கள்தான் அவரைப் பொறுக்கினார்கள். 2018இல் ராணுவத்தின் ஆதரவு இருந்தது என்று எதிர்க்கட்சிகள் சொன்னன, அவர் மறுத்தார். எப்படியிருந்தாலும் சொந்தப் பெரும்பான்மை கிடையாது, சிறு கட்சிகளின் தயவில்தான் ஆட்சி. 2021 இறுதியில் உளவுத்துறைத் தலைவர் நியமனத்தில் ராணுவத் தளபதியோடு உரசல் வெளியே தெரிந்தது. 2022 மார்ச்சில் கூட்டணியைத் தக்கவைக்க அந்த "பிளஸ்"ஸையே பலி கொடுத்து, பஞ்சாப் பதவியைக் கூட்டணிக் கட்சிக்குக் கொடுக்க முன்வந்தார். அதற்குள் இன்னொரு கூட்டணிக் கட்சியான எம்.க்யூ.எம். கழன்றுகொண்டது. ஏப்ரல் 10 அதிகாலை, 342 பேர் அவையில் 174 வாக்குகளோடு நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. அந்த நாட்டில் அப்படிப் பதவியிழந்த முதல் பிரதமர் அவர்தான்.

ஒப்பிட ஓர் ஆள் வேண்டுமானால் லைபீரியாவின் ஜார்ஜ் வேயாவைப் பாருங்கள். 1995இல் உலகின் சிறந்த கால்பந்து வீரர். தேசிய அணிக்குத் தன் சம்பளத்திலிருந்தே சட்டையும் விமான டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்தவர். 2005 அதிபர் தேர்தலில் படிப்பில்லை என்று கேலி செய்யப்பட்டுத் தோற்றார். போய்ப் பட்டம் வாங்கினார், 2014இல் செனட்டர் ஆனார், 2018இல் அதிபர். 2023இல் மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றதும், ஜெயித்தவருக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். ஆட்சி பெரிதாகச் சோபிக்கவில்லை என்பது வேறு விஷயம். தோற்ற பிறகு இம்ரானைவிட நன்றாக ஆடினார்.

கேள்வி கேட்டவரின் பின்னூட்டம்: புதுப்பந்து

எல்லோருக்கும் நன்றி. வேயாவைப் பற்றி எனக்குத் தெரியாது, தேடிப் படிக்கிறேன். பேரேடு ஐயாவிடம் ஒரு கேள்வி: பதவி போன பிறகு அவருடைய செல்வாக்கு கூடியதே, அதை உங்கள் கணக்கில் எப்படி எழுதுவீர்கள்? மருத்துவமனைக்கு நன்கொடை குறைந்திருக்க வேண்டுமே?

பதில்: பேரேடு

நன்கொடை கொடுப்பவர் ஆட்சியை வைத்துக் கொடுப்பதில்லை. வார்டைப் பார்த்துக் கொடுக்கிறார். இம்ரானை அடியோடு பிடிக்காதவர்கள்கூட வீட்டில் யாருக்காவது கட்டி என்று தெரிந்தால் லாகூருக்கோ பெஷாவருக்கோ ஓடுகிறார்கள். நிறுவனத்தை மருத்துவர்களும் நிர்வாகிகளும் நடத்துகிறார்கள். கட்சி ஆபீசாக அது மாறவில்லை. அவர் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அதை முதலில் வைப்பேன்.

செல்வாக்கு கூடியதற்குக் கணக்கு எளிது. எதிர்க்கட்சித் தலைவருக்கு மறுபடியும் பொறுக்கும் உரிமை வந்துவிடுகிறது. எதைப் பேசுவது, எதை விடுவது, யாரைச் சேர்ப்பது என்பதெல்லாம் அவர் இஷ்டம். விலைவாசிக்கான வசவு வேறு ஆள் வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. 2022 நவம்பரில் வசீராபாதில் காலில் குண்டடி பட்டார். அடுத்த ஆண்டு சிறை. அனுதாபம் சேராமல் என்ன செய்யும்? வழக்குகள் அரசியல் பழிவாங்கல் என்கிறார் அவர், இல்லை என்கிறது அரசு. 2025 ஜனவரியில் ஒரு வழக்கில் 14 ஆண்டுத் தண்டனை விதித்திருக்கிறார்கள்.

எதிர்வரிசை எழுதியதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன், புஸ்தார் உட்பட. ஆனால் "ஜெயிக்கக்கூடிய பெரும்புள்ளிகள்" தயவில்தான் அவர் நிற்கிறார் என்பது 2024 பிப்ரவரித் தேர்தலோடு பழைய கணக்காகிவிட்டது. அந்தப் பெரும்புள்ளிகளில் பலர், 2023 மே மாதம் அவர் கைதானபோது வெடித்த கலவரங்களுக்குப் பிறகு கட்சியை விட்டு ஓடிவிட்டார்கள். தேர்தலுக்கு முந்தைய மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கட்சியின் கிரிக்கெட் மட்டைச் சின்னமும் போயிற்று. வேட்பாளர்கள் சுயேச்சைகளாக, ஆளுக்கொரு சின்னத்தில் நின்றார்கள். இஸ்லாமாபாதில் ஒருவருக்குக் கத்தரிக்காய்! அவர் அதையே கையில் தூக்கிக்கொண்டு ஓட்டுக் கேட்டார். தலைவர் சிறையில் இருக்க, யார் எந்தச் சின்னம் என்று தொகுதிக்குத் தொகுதி தேடிப் போட்டு, தேசிய அவையில் எந்தக் கட்சியையும்விட அதிக இடங்களில் அந்தச் சுயேச்சைகளை ஜெயிக்க வைத்தார்கள் ஜனங்கள். ஆட்சி அமைக்கத்தான் போதவில்லை. அந்தத் தேர்தலைப் பற்றிப் பேசுவதென்றால் தனியாக ஒரு கேள்வி போடுங்கள், வாக்கு எண்ணிக்கை பற்றியே ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கும்.